சட்னி அரைக்கும் சத்தம்

அம்மா சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டாள். எனக்கு மூச்சு முட்டியது. பதற்றத்துக்கு மாதக்கணக்கில் சிகிச்சை எடுத்தும் சட்னிக்கா பயம் என்று எரிச்சலாக வந்தது. அப்போதுதான் காரணம் உறைத்தது.

சிறுவயதில், உப்பளம் பகுதியில் இருந்த வீட்டில், பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலு வாணவேடிக்கை வெடித்ததும், பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அப்பா வியர்த்துப்போய்க் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வார். வெடிச்சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாதென்று அம்மா மிக்ஸியை வெறுமனே ஓடவிடுவாள். மோட்டார் கருகும் வாடையில் நானும் அவரோடு நடுங்கிக் கிடப்பேன்.

"ஏம்மா, அவர டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

"உங்கப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரு பயப்படறாருன்னு வெளிய சொல்ல முடியுமா?"

இன்னுமா இந்தக் கௌரவம்? என் டாக்டரிடம் கூட வருகிறீர்களா என்று அப்பாவையே கேட்டேன்.

"ஒனக்காக வரேன். ஆனா வெளியதான் உக்காருவேன்" என்றார்.

உட்காரட்டும். வியாழக்கிழமை டாக்டரிடம் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லப்போகிறேன். நான் பேசுவதெல்லாம் அப்பாவுக்குக் கேட்க வேண்டும்.