அலமாரிக்குள் யார்?

கத்தரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளுடைய அம்மாதான். மூன்று வயதில் ஜன்னல் திரையைப் பாதிக்கு வெட்டி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு, வகுப்புப் புகைப்படத்திலிருந்து தனக்குப் பிடிக்காத ஒருத்தியை மட்டும் அழகாக வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டாள். இந்தப் பெண் பின்னாளில் எங்கே போய் நிற்கும் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியில் ஊடகப் படிப்பில் சேர்ந்து, எல்லாரும் கேமராவுக்கு அடித்துக்கொண்டபோது இவள் எடிட்டிங் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். எந்த இடத்தில் வெட்டினால் பார்க்கிறவனுக்கு வெட்டியதே தெரியாது என்பது அவள் விரலுக்குத் தெரியும்.

கெட்டவள் இல்லை. தன்னுடையது என்று இருப்பதை இன்னொருத்தி தொட்டால் பொறுக்காது, அவ்வளவுதான். அவளுடையது என்று இருந்ததில் முதலாவது வாண்டு.

வாண்டு அவளுடைய தங்கை. வயது ஆறு, முன்பல் இரண்டு கிடையாது. அம்மாவுக்குக் கடையில் பில் போடுகிற வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். குழந்தையைக் குளிப்பாட்டியது, தலை பின்னியது, கண்ணாமூச்சி ஆடித் தூங்கவைத்தது எல்லாம் கத்தரிதான். கல்லூரி வந்த பிறகு ஆட்டம் நின்றுபோனது. "நாளைக்கு ஆடலாம்" என்று சொல்லியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஆடாவிட்டால் என்ன, குழந்தை எங்கே போய்விடப் போகிறாள் என்று நினைத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் வாத்தியார் ஒரு வேலை கொடுத்தார். குழந்தைகள் படம் ஒன்றின் தொடக்கம், இரண்டே நிமிடம், முடிவில் தலைப்பு. கத்தரி, நெட்டை, கேமராக்காரன் மூவரும் ஒரு குழு. நெட்டைக்கு உயரத்தால் வந்த பெயர்; டைரக்டர் வேலையை யாரும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டாள். கதையும் அவளுடையதுதான். ஒரு குழந்தை தன்னுடைய ஒற்றை ஷூவைக் காணாமல் வீடெல்லாம் தேடுகிறாள். கட்டிலுக்கடியில் இல்லை, மேசைக்கடியில் இல்லை. கடைசியில் அலமாரிக் கதவில் கை வைக்கிறாள். உள்ளே எதைப் பார்க்கப் போகிறாளோ, திறக்கும்போதே அவள் முகம் மலர்கிறது. அங்கே தலைப்பு.

"குழந்தைக்கு எங்க போறது?" என்று கேமராக்காரன் கேட்டான்.

"என் தங்கச்சி இருக்காளே, எங்க வீட்டுலயே எடுத்துக்கலாம்" என்று கத்தரி வாயைக் கொடுத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

அம்மாவுக்கு லீவு நாளாகப் பார்த்து, கேமராக்காரனோடு நெட்டை வந்தாள். வந்த அரை மணியில் வீடு அவளுடையதாகிவிட்டது. கட்டிலை நகர்த்தினாள், திரையைக் கழற்றினாள், அம்மா போட்டுக் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு "ஆன்ட்டி, சர்க்கரை கொஞ்சம் கம்மியா" என்று வேறு சொன்னாள். அம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வேறு டீ போட்டாள். கத்தரிக்கு அந்த வீட்டில் இதுவரை யாரும் வேறு டீ போட்டுக் கொடுத்ததில்லை.

வாண்டுவோ, நெட்டையின் இடுப்புக்குக்கூட எட்டாதவள், அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'உட்காரு' என்றால் உட்கார்ந்தாள், 'தேடு' என்றால் தேடினாள். அக்கா சொன்னால் பல் தேய்க்கவே பத்து தடவை சொல்ல வேண்டிய பிள்ளை அது.

கத்தரிக்குக் கிடைத்த வேலை, வெள்ளை தெர்மகோல் அட்டையைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பது. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுக் குழந்தையின் முகத்தில் விழ வேண்டும். என் வீடு, என் அறை, என் தங்கை, நான் அட்டை பிடிக்கிறேன் என்று உள்ளுக்குள் புகைந்தாள்.

கடைசிக் காட்சி மட்டும் சரியாக வரவில்லை. அலமாரிக் கதவில் கை வைக்கும் நேரத்தில் வாண்டு தலையைத் திருப்பிவிடுவாள்.

"கட். வாண்டு கண்ணு, அந்தப் பக்கம் பாக்கக் கூடாது."

மறுபடி எடுத்தார்கள். மறுபடி திரும்பினாள். நெட்டை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கத்தரியிடம் வந்தாள்.

"நீ கொஞ்ச நேரம் வெளிய இருடி. நீ நின்னா அவளுக்கு வரமாட்டேங்குது."

அட்டையை நாற்காலியில் சாய்த்துவிட்டுக் கத்தரி வெளியே போனாள். அறைக் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட்டது. சமையலறையில் நின்று, கழுவி வைத்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடி கழுவினாள். உள்ளே நெட்டை ஏதோ தணிந்த குரலில் பேசுவது கேட்டது, என்னவென்று புரியவில்லை. பிறகு வாண்டு சிரித்தாள். கத்தரி கையிலிருந்த டம்ளரை ணங்கென்று கவிழ்த்து வைத்தாள். ஆறு வருஷம் எடுத்து வளர்த்தது நான், சிரிப்பு மட்டும் அவளுக்கா?

அன்று ராத்திரி சோறு ஊட்டும்போது கேட்டாள். "உள்ள உன்கிட்ட என்ன சொன்னா அவ?"

"நீதான் அங்க இல்லியே" என்றாள் வாண்டு. முகத்தை வேறு திருப்பிக்கொண்டாள். "நெட்டை அக்கா மறுபடி எப்ப வருவாங்க?"

அவளுக்கு 'வருவாங்க'. எனக்கு மட்டும் 'நீ'. கத்தரி மிச்சச் சோற்றை ஊட்டாமல் தட்டைக் குழந்தையின் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

எடிட்டிங்கில் உட்கார்ந்ததும் அவள் செய்த முதல் காரியம், லேப்டாப்பின் சத்தத்தை மொத்தமாக அணைத்தது. ஒவ்வொரு துண்டிலும் நெட்டையின் குரல். "வாண்டு கண்ணு, ரெடியா." அந்தக் குரலை யார் கேட்பது? எப்படியும் அந்தச் சத்தம் படத்துக்கு வேண்டாம். அதை எடுத்துவிட்டுக் கேமராக்காரன் இசை போடப் போகிறான். ஊமைப் படமாகவே வெட்டினாள்.

நன்றாகத்தான் வெட்டினாள், அதையும் சொல்ல வேண்டும். கட்டிலுக்கடி, மேசைக்கடி எல்லாம் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டு சேர்ந்தன. கடைசியில் அந்தச் சிரிப்பு வந்தது. பொக்கை வாய், கண் இரண்டும் இடுங்கிப்போய், கதவில் கை வைக்கும்போதே பொங்கிவிட்ட சிரிப்பு. அடுத்த கணம் குழந்தையின் தலை அலமாரிக்குள் போய்விடுகிறது, கதவு மறைத்துக்கொள்கிறது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் ஏறியது. இந்தச் சிரிப்பைக் காட்டித்தானே வகுப்பில் எல்லாரும் 'என்னமா நடிக்க வெச்சிருக்கா' என்று நெட்டையைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

வாண்டுவின் கை கதவில் படுகிற இடம்வரை விட்டாள். சிரிப்பு தொடங்கும் இடத்தில் வெறும் கறுப்புத் திரை ஒன்றை இழுத்து மேலே மூடினாள். அந்தக் கறுப்பின் மேல் 'ஒற்றை ஷூ' என்று பெரிதாகத் தலைப்பை எழுதினாள். கேட்டால், தலைப்புக்கு இடம் வேண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். கறுப்புக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த துண்டை வெட்டி எறியக்கூடத் தோன்றவில்லை. அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை அதைக் கேமராக்காரனிடம் கொடுத்தாள். கல்லூரிக் கணினி அறையில் ஹெட்போன் எல்லாம் உடைந்து கிடந்தன. பழைய சத்தத்தை இவள் எடுத்திருப்பாள் என்று அவன் நினைத்தான். அவன் எடுப்பான் என்று இவள் நினைத்திருந்தாள். கண்ணால் பார்த்தே இசையை ஒட்டிவிட்டு ஓடிவந்தான்.

வகுப்பில் விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது. மெல்லிய இசை, அதற்கு மேல் கணீரென்று நெட்டையின் குரல். "குனி கண்ணு, இன்னும் குனி." வகுப்பே கொல்லென்று சிரித்தது. நெட்டை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நல்லா வேணும் என்று நினைத்தாள் கத்தரி. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

திரையில் வாண்டு அலமாரியை நோக்கி முதுகைக் காட்டி நடந்தாள்.

"கண்ணாமூச்சில உங்கக்கா எங்க ஒளிவான்னு சொன்னே?" நெட்டையின் குரல், தணிந்து.

"அலமாரில."

"இப்பவும் அங்கதான் ஒளிஞ்சிருக்கா. சத்தம் போடாம போய்ப் பிடி பாப்போம்."

அங்கே போய்ப் பக்கவாட்டில் நின்றாள், சின்னக் கை கதவில் பட்டது. திரை கறுப்பானது. 'ஒற்றை ஷூ'. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து குழந்தை களுக்கென்று சிரிக்கும் சத்தம் வந்தது. கதவு கிறீச்சிட்டது. "அக்கா!" பிறகு துணிகளை விலக்கும் சலசலப்பு. பிறகு, குரல் இறங்கிப்போய், "அக்கா இல்லியே."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வாத்தியார் விளக்கைப் போட்டார். "சத்தத்தை விடு. இவ்வளவு சந்தோஷமா ஒரு குழந்தை கதவைத் திறக்குது, அந்த முகம் எங்கப்பா? யார் மூடினது?"

நெட்டை கத்தரியைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. "நீ நின்னா உன்னையேதான்டி பாத்தா. அதான் அப்படி ஒரு பொய் சொன்னேன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"நான்தான் சார் மூடினேன்" என்றாள் கத்தரி. மூடியதை நாளைக்குள் திறந்துகொண்டு வரச் சொன்னார் வாத்தியார்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். யாரும் வந்திருக்கவில்லை. பையை வீசிவிட்டு, அலமாரியைத் திறந்து, அம்மாவின் புடவைகளுக்குக் கீழே முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பார்க்க ஒரு சின்ன இடுக்கு மட்டும் விட்டுக் கதவை இழுத்துக்கொண்டாள். சின்ன வயதில் தாராளமாக இருந்த இடம், இப்போது கழுத்தை மடக்க வேண்டியிருந்தது. கால் மரத்துப்போனது. அப்படியே இருந்தாள்.

வாசல் கதவு திறந்தது. அம்மாவும் வாண்டுவும் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

"அக்கா பை இருக்கு, அக்காவைக் காணோமே" என்றாள் வாண்டு. கட்டிலுக்கடியில் குனிந்தாள். மேசைக்கடியில் பார்த்தாள். சின்னக் கால்கள் அலமாரிக்கு முன்னால் வந்து நின்றன. கத்தரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அலமாரில பாரேன்டி" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

"அதுல இருக்க மாட்டா. அன்னைக்கே பாத்துட்டேன்."

கால்கள் நகர்ந்து போயின. கொஞ்ச நேரம் பொறுத்து, உள்ளேயிருந்து கத்தரியே கதவைத் தள்ளித் திறந்தாள்.