அப்பா எடுக்கும் அழைப்புகள்

என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். கயிற்றையும் பிரேக்கையும் லேசில் நம்பமாட்டார். தட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, அப்புறமும் முகத்தைச் சுளிப்பார். மனிதர்களை மட்டும் பார்த்த மாத்திரத்தில் நம்பிவிடுவார். ஒருமுறை அவருக்குக் கார் பரிசு விழுந்திருப்பதாகப் போனில் செய்தி வந்தது. வண்டியை எங்கே நிறுத்துவது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் இடம் பேசிவிட்டு வந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் அப்போது கல்லூரியில் மென்பொருள் படித்துக்கொண்டிருந்தேன். இணையப் பாதுகாப்பு என்று ஒரு பாடம். வீட்டில் ஒருவருக்காவது மோசடி அழைப்புகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரவேண்டும் என்றார்கள். இதைவிட நல்ல ஆள் எனக்கு எங்கே கிடைப்பார்? தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டு, வீட்டு ஆளின் பெயரைச் சொல்லி, உடனே வா என்று அவசரப்படுத்தினால் நம்பக்கூடாது, வைத்துவிட்டு அந்த ஆளின் எண்ணுக்கு நாமே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். பிறகு என் தோழியை விட்டு, நான் மாடிப்படியில் விழுந்துவிட்டதாகப் பேசவைத்தேன். மனுஷர் சட்டையைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடிவிட்டார். எனக்கு வாய் நீளம், பொறுமை கிடையாது. சின்னப் பிள்ளையைத் திட்டுவதுபோல் திட்டினேன். அடுத்த தடவை, "வேற ஆளப் பாரும்மா" என்று தோழியின் போனை வைத்தார். அம்மாவும் நானும் கைதட்டினோம். அவருக்கு ஒரே பெருமை.

அம்மா ஒரு தையல் ஆலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே உள்ளே நுழையும்போதே போனை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். மழை விடாமல் பெய்த ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெஷின்மேல் சாய்ந்துவிட்டாள். கூட வேலை செய்தவர்கள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். போன் பெட்டியிலேயே கிடந்தது. அம்மாவுக்கு நினைவு இருந்தது. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைச் சொன்னாள். அது அப்பாவுடையது.

நர்ஸ் கூப்பிட்டாள். பெயரைச் சொன்னாள், உடனே வரச் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் ஒன்றுவிடாமல் வந்து நின்றது. அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அவள் என்றைக்கு எடுத்தாள்? நிம்மதியாக ஸ்பேனரைக் கையில் எடுத்தாராம். நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டாள். "எம்பொண்ணு எல்லாம் சொல்லித் தந்திருக்கா, உங்க வேலைய வேற எங்கயாவது காட்டுங்க" என்று சொல்லி எண்ணையே முடக்கிவிட்டார்.

ஆலையிலிருந்து ஒரு அக்கா அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நான் போனபோது அப்பா கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார், கையில் கிரீஸோடு. அம்மா கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாக நர்ஸ் சொன்னாள். "வேலையில மாட்டிக்கிட்டிருப்பாரு, வந்துருவாரு" என்று அம்மாவே நர்ஸுக்குச் சமாதானம் சொன்னாளாம். எனக்கு அந்தப் படிப்பே வேண்டாம் என்று இருந்தது.

அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. இப்போது அவர் வருகிற அழைப்பை எல்லாம் எடுக்கிறார். கடன் வேண்டுமா என்பவன், பரிசு விழுந்தது என்பவன், யாராக இருந்தாலும் கடைசிவரை கேட்கிறார். "சரிப்பா, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று விசாரித்துவிட்டுத்தான் வைக்கிறார்.

எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. கடைசி ஆண்டில் நானே ஒரு செயலி எழுதினேன். மோசடி அழைப்பு என்று தெரிந்தால் மணி அடிக்கும் முன்பே துண்டித்துவிடும். ஆசிரியர்கள் மெச்சினார்கள். அப்பாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே போனை என்னிடம் நீட்டி, செயலியை எடுத்துவிடச் சொன்னார்.

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சரியாப் பிடிச்சிரும்ப்பா" என்றேன்.

"மிச்சம் இருக்கிற அந்த ஒண்ணுதாம்மா உங்கம்மா."

எடுத்துவிட்டேன். அன்று நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. தெரியாத எண். அப்பா கைகூடக் கழுவவில்லை.

"சொல்லுங்க, எங்க வரணும்?"