எழுபது மீட்டர் குறைவு

மலேசியாவின் கிள்ளான் நகரப் பூங்காவில் ஞாயிறு காலைகளில் எங்களோடு ஓடும் அந்த அண்ணனிடம் வாட்ச் பற்றிக் கேட்டது என் தப்புதான். ஒல்லியான உடம்பு, வெளுத்துப்போன மஞ்சள் பனியன், மணிக்கட்டையே மறைக்கும் பெரிய ஜிபிஎஸ் வாட்ச். ஓடி முடித்து நாங்கள் பக்கத்துக் கடையில் சூடான ரொட்டி சானாய்க்குக் காத்திருப்போம். அவர் மட்டும் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார். வாட்சில் முழுக் கிலோமீட்டர் காட்டினால்தான் நிற்பார்.

தினசரிப் பயிற்சிக்கு விலை குறைந்த வாட்ச் போதுமா என்று கேட்டேன். மூன்று வாரம் உயிரை வாங்கினார். ஒன்றைவிட ஒன்று விலை கூடிய வாட்சுகளின் படங்களாக அனுப்பினார். மலைப்பாதை காட்டுமாம், கடலுக்கடியிலும் வேலை செய்யுமாம்.

"அண்ணே, இதுல நீங்க தினமும் பாக்குறது எது?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

யோசித்தார். "டைமு, தூரம். அவ்ளோதான் லா."

அந்த இரண்டையும் காட்டும் மலிவான வாட்சை வாங்கி, அடுத்த ஞாயிறு அவரோடு ஓடினேன். அவருடையது சரியாக ஐந்து காட்டியதும் நின்றார். என்னுடையது 4.93. கேலி செய்யப்போகிறார் என்று பல்லைக் கடித்தேன்.

"நிக்காதே தம்பி, எழுபது மீட்டர்தான், வா" என்று கூடவே ஓடிவந்தார்.

எனக்கு ஐந்து ஆனது. அவருக்கு 5.07. வாட்சைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நீ போயி ரொட்டி சொல்லு" என்று ஆறாவது கிலோமீட்டரை முடிக்கக் கிளம்பிவிட்டார்.

அவ்வளவு விலை கூடிய வாட்சில் தூரக் கணக்கை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. என்னோடு வருவதற்கு முன் அதை ஏன் அழுத்தவில்லை இந்த மனுஷர்?