அக்கா கணித்த சூடு

அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. நாட்டில் தினமும் மின்வெட்டு இருந்த காலம் அது. எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் அவரது லப்டொப் திறந்திருந்தது. திரையில் வெளிநாட்டு முகங்கள் சில. ரூட்டரின் விளக்கு அணைந்ததும் அந்த முகங்கள் அப்படியே நின்றுவிட்டன, ஒருவர் வாயைத் திறந்தபடி. அக்கா தன் வசனத்தை முடித்திருக்கவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்கு ஓடினார். சிக்னல் இல்லை. கீழே கடற்கரை ரயில் ஒன்று தெஹிவளைப் பக்கம் போனது. அது போய் மறையும் வரை அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "சொல்ல வேண்டியதைச் சொல்ல முதல் போயிட்டுது" என்றார்.

அக்கா வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் பொறியியலாளராக இருந்தார். நிலத்துக்கடியில் பெரிய வளையமாகக் குழாய் போட்டு, அதற்குள் துகள்களைக் கற்றையாக ஓடவிட்டு, எதிரே வரும் இன்னொரு கற்றையோடு மோதவிடும் இயந்திரம் அங்கே இருந்தது. வேலை முடிந்ததும், அல்லது ஏதாவது பிழைத்த அந்தக் கணமே, ஓடுகிற கற்றையைக் காந்தங்களால் வெளியே இழுத்துப் பத்திரமான இடத்தில் கொட்டிவிட வேண்டும். அந்தக் காந்தங்கள் எவ்வளவு சூடாகும் என்று கணிப்பதுதான் அக்காவின் வேலை. கற்றை வளைந்து ஓடும்போதெல்லாம் கதிர்வீச்சு வெளிப்பட்டுக்கொண்டே இருக்குமாம். அது பட்டுப்பட்டுக் காந்தம் சூடேறும். அளவு மிஞ்சினால் காந்தம் பலமிழக்கும். பலமிழந்த காந்தம் கற்றையைச் சரியாகத் திருப்பாது. கற்றை குழாயின் சுவரிலேயே போய் மோதும்.

இதையெல்லாம் நான் அறிந்தது, அக்கா ஒரு மத்தியானம் அம்மாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டே விளங்கப்படுத்தியபோதுதான். அம்மாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. அதற்காகத்தான் அக்கா லீவு போட்டு வந்திருந்தார்.

"அந்தச் சாமானைச் சுத்திக் காத்தே இல்லை அம்மா. சூடு ஏறினா லேசிலை இறங்காது."

"அப்ப கொஞ்ச நேரம் நிப்பாட்டி வைக்கச் சொல்லு பிள்ளை."

"அதைத்தான் நானும் சொல்லுறன். ஆர் கேக்கினம்?"

அம்மா தெளிவாக இருக்கும் நாட்கள் அப்போது இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தன.

ஆய்வுகூடத்தில் கற்றையின் பலத்தைக் கூட்டத் திட்டமிட்டிருந்தார்கள். கூட்டினால் ஒரு காந்தம் தாங்காது என்பது அக்காவின் கணிப்பு. மற்றவர்களுடைய கணக்கு தாங்கும் என்றது. அக்காவின் தலைமை அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. நேரில் வா, எல்லோருக்கும் முன்னால் காட்டு, நானே தள்ளிப்போடச் சொல்கிறேன் என்றார். தூரத்திலிருந்து அறுந்து அறுந்து வரும் குரலை வைத்து அத்தனை பேரின் வேலையை நிறுத்த அவரால் முடியாது. அக்கா டிக்கெட் போட்டார். பெட்டியும் அடுக்கினார். அதே கிழமை அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். இனி அதிக காலம் இல்லை என்றார் டொக்டர்.

"நீங்க போங்கோ அக்கா, நான் பாக்கிறன்" என்றேன். மனமாரத்தான் சொன்னேன். அக்கா பெட்டியைத் திறந்து உடுப்புகளை ஒவ்வொன்றாக அலுமாரியில் திரும்ப வைத்தார்.

"அது இரும்பு. பழுதாப் போனா மாத்தலாம்" என்றார்.

அம்மா டொக்டர் சொன்னதைவிட நீண்ட காலம் கிடந்தார். அந்த மாதங்களில் ஃபிளாட் முழுவதும் டெற்றோல் மணம். ஃபேன் நின்றால் விசிறிமட்டையோடு அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அம்மாவின் ஞாபகம் மெல்ல மெல்லப் பின்னோக்கிப் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்த வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டார். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்திட்டாளோ என்று கேட்பார். "வந்திட்டாள் அம்மா" என்பார் அக்கா.

அந்த நாட்களில்தான் செய்தி வந்தது. கற்றையைக் கூட்டியிருக்கிறார்கள். சில காலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் காந்தம் சூட்டில் தளர்ந்து, வெளியே இழுத்த கற்றை வழி தவறிச் சுவரைத் தாக்கியது. ஆளுக்குச் சேதமில்லை. இயந்திரம் மாதக்கணக்கில் நின்றது. அக்கா சொன்னது சரியாகிவிட்டது என்று நான் அசட்டுத்தனமாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை. அக்கா போனில் கலந்துகொண்ட விசாரணைக் கூட்டத்தில், இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தவர் ஏன் வந்து நிற்கவில்லை என்று யாரோ கேட்டார்களாம். அக்கா அம்மாவைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆண்டு முடிவில் அவரது ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அதற்குள் அம்மாவும் போய்விட்டார். கனத்தை மயானத்தில் அன்று மழை. செத்தவீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், "பிள்ளை எப்ப திரும்பிப் போறீர்?" என்று கேட்டார்.

அவர் திரும்பிப் போகவில்லை. இப்போது கொட்டாஞ்சேனையில் உயர்தர மாணவருக்குப் பௌதிகம் படிப்பிக்கிறார். பிள்ளைகளுக்கு அவரை நல்ல விருப்பம். ஆனால் வீட்டில் அந்த இயந்திரத்தைப் பற்றிக் கதைப்பதில்லை. போன மாதம் காலி வீதியில் அவரைப் பஸ் ஏற்றிவிட நின்றபோது, வேறு நாட்டில் அதே மாதிரி வேலை ஒன்று இருப்பதாகச் சொல்லி, விண்ணப்பித்துப் பார்க்கும்படி கெஞ்சினேன். நீங்க இஞ்சை நிண்டது வீணாப் போகேல்லை, அம்மாவோடை கடைசி வரை இருந்தீங்கள்தானே, இனி உங்கடை வாழ்க்கையைப் பாருங்கோ என்றேன். அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அம்மா சாகிறதுக்குக் கொஞ்சம் முதல் என்னை மிஸ் எண்டு கூப்பிட்டவா. உனக்குத் தெரியாது. நேர்ஸ் எண்டு நினைச்சிட்டா. 'மிஸ், எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், வெளிநாட்டிலை பெரிய வேலை, விட்டிட்டு வர ஏலாது, நீங்கள் அவளைக் குறையா நினைக்காதேங்கோ' எண்டா."

"நீங்க என்ன சொன்னீங்கள்?"

"ஓம் அம்மா, நான் அப்பிடி நினைக்கேல்லை எண்டு சொன்னனான்."

பஸ் வந்தது. அக்கா ஏறிக்கொண்டார். உட்கார இடமிருந்தும் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே போனார்.