சால்வையைத் திருப்பிக் கேட்ட மாநாடு

ஒரு மனுஷன் தோளில் போட்ட சால்வையைத் திரும்பப் பிடுங்கியவர்கள் நீங்கள். ஆமாம், போன வாரம் மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டில் சர்வதேச காலநிலை மாநாடு நடத்தினீர்களே... உங்களைத்தான் சொல்கிறேன்.

டில்லி என் மச்சான். மனைவியின் அண்ணன். அந்த ரிசார்ட்டுக்கு அடுத்த குப்பத்தில் மீனவர் சங்கத் தலைவர். மேடை என்றால் உயிர். விழாக்களில் வாங்கிய சால்வைகளால் அவர் வீட்டு பீரோ கதவு மூடாது.

ரிசார்ட்டுக்காரர்கள் தங்கள் பீச்சைக் காப்பாற்றக் கடலில் பாறாங்கல் கொட்டினார்கள். அவர்கள் பக்கம் மணல் சேர்ந்தது. குப்பத்துப் பக்கம் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது படகுகள் ரோட்டோரத்தில் நிற்கின்றன. அடுத்த புயலுக்கு அந்த ரோடாவது மிஞ்சுமா?

"கடலோர மக்களின் குரல்" என்று மாநாட்டுக்குக் கூப்பிட்டதும், இதைக் கேட்டே தீருவது என்று மச்சான் கிளம்பினார். துணைக்கு நான்.

ஹாலுக்குள் போனால்... அப்பப்பா, என்ன குளிர்! உலகம் ஒன்றரை டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று பேச வந்தவர்கள் ஏசியைப் பதினாறில் வைத்திருந்தார்கள். கோட்டு போட்டவர்களுக்குப் புழுங்குமாம். கோட்டைக் கழற்றினால் என்ன? அந்த யோசனை இன்னும் எந்தக் கமிட்டிக்கும் போகவில்லை போல.

"இன்னா மாப்ள, ஐஸ் பொட்டில குந்த வச்ச மாரி கீது. நம்மள எக்ஸ்போர்ட்டு பண்ணப் போறாங்களா?" என்றார் மச்சான்.

மேடையில் ஒரு வெளிநாட்டுக்காரர் ஸ்லைடு போட்டுக்கொண்டிருந்தார். பழைய வாக்குறுதிகளைப் பரிசீலிக்க ஒரு குழு. அந்தக் குழுவுக்கு வழிகாட்ட இன்னொரு குழு. மச்சானுக்குக் குளிரில் பல் கிட்டியது. அதைப் பார்த்த ரிசார்ட் பெண் ஒருத்தி, சால்வை ஒன்றை விரித்து அவர் தோளில் போர்த்தினாள்.

அவ்வளவுதான். சால்வை போர்த்தினால் நம் ஊரில் என்ன அர்த்தம்? மச்சான் எழுந்தார். நாலு பக்கமும் கும்பிட்டார்.

"மச்சான், அது குளிருக்கு!" வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"கம்னு இரு மாப்ள. மரியாத பண்ணிகீறாங்க, ரெண்டு வார்த்த பேசாம குந்திகினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

நேராக மேடையேறி மைக்கைப் பிடித்தார். "பொன்னாட போத்துன பெரியவங்களுக்கு வணக்கம். இங்க கொட்டுன கல்லால எங்க மணலு பூட்ச்சு. படக எங்க ஏத்துறது? கல்ல எடுப்பீங்களா, மாட்டீங்களா? அத்த மட்டும் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் ரிசார்ட் மேனேஜரைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் சொன்னார் — கடல் எங்கள் தாய். உங்கள் வருகையால் எங்கள் மனம் குளிர்ந்தது.

ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. மச்சானும் சேர்ந்து தட்டினார்!

"அவர் சொன்னது அது இல்லை!" என்று நான் இங்கிலீஷில் கத்தினேன். கேள்வி நேரம் லஞ்சுக்கு அப்புறமாம். லஞ்சுக்கு அப்புறம் எல்லோரும் குரூப் போட்டோவுக்குப் போய்விட்டார்கள். எங்கே? பீச்சுக்கு. எங்கள் மணலில் நின்று சிரித்தார்கள்.

வாசலில் மேனேஜர் ஓடிவந்தார். "சார், அந்த ஷால்... ரிசார்ட்டோடது."

மச்சான் முகம் சுருங்கிவிட்டது. கழற்றினார். மடித்தார். கொடுத்தார். "இந்தா நைனா. ஒன் பொருளு ஒன்னான்ட வந்துட்ச்சு. எங்க மணலு எப்ப வரும்?"

மேனேஜர் செல்போனைப் பார்த்தார்.

மாநாடு நடத்தியவர்களே, ரிசார்ட்டுக்காரர்களே, தனியாகக் கூப்பிட்டு டீ கொடுத்துப் பேசுகிற வேலை வேண்டாம். அதே மேடை, அதே மைக், எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கள். கல்லை எடுப்பீர்களா, மாட்டீர்களா?

எந்த பாஷையில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். இந்த முறை மொழிபெயர்ப்பு நான்.