மடித்துக் கட்டிய ஒயர்

நெட் கம்பெனி கொடுப்பது இவ்வளவுதான்: ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்கு ஒரு அடாப்டர், கரண்ட் கம்பத்திலிருந்து வீடு வரைக்கும் மெல்லிசாக ஒரு கறுப்பு ஒயர். பெட்டி அவர்கள் சொத்து, நெட் வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மலைமேல் புதூர்நாட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நதியா வீட்டுக்கு அந்தப் பெட்டியை ஏற்றிவந்ததும் என் ஜீப்தான், இறக்கிக்கொண்டு போனதும் என் ஜீப்தான்.

நதியாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. புளி மூட்டை மேல் ஆட்களையும் ஏற்றிப்போன எவனோ ஒரு தறுதலை வண்டியைக் கவிழ்த்ததில் வந்த வினை. படித்த பெண். அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான், அம்மா குப்பம்மா சாமைக் கொல்லையில் மாரடிக்கிறாள். சென்னையில் சாமான் விற்கும் ஒரு கம்பெனிக்கு, வீட்டிலிருந்தே பேசிப் பதில் சொல்லும் வேலை அவளுக்குக் கிடைத்தபோது, சும்மா சொல்லக்கூடாது, எனக்கே கண் கலங்கிவிட்டது. செல்போன் சிக்னலை நம்பி இந்த மலையில் எதுவும் நடக்காது, அதனால்தான் பெட்டி. லைன் நின்றால் வேலையும் நின்றுவிடும் என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தார்கள்.

பெட்டி மாட்ட வந்த அருள்மணி, மிச்ச ஒயரை வெளிச்சுவரில் பெரிய வளையமாகத் தொங்கவிட்டான். “அத அப்டியே வுட்டுடுங்க, மடிக்காதீங்க” என்று நதியாவிடம் சொன்னான். குப்பம்மா அப்போது கொல்லையில் இருந்தாள். கட்டிலை விட்டு இறங்காத நதியா அந்த வளையத்தைப் பார்த்ததே இல்லை, அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவுமில்லை.

கொஞ்ச மாதம் வேலை நன்றாகத்தான் போனது. ஒருநாள் பெட்டியில் சிவப்பு லைட் எரிந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தாள், போகவில்லை. நானே மேட்டில் ஏறி, சிக்னல் பிடித்து, புகார் நம்பருக்குக் கூப்பிட்டேன். ஆள் வருவார், வருவார் என்றார்கள். ஒரே ஒரு வீட்டுக்காக மலை ஏற எவனுக்கு மனசு வரும்? அருள்மணி வந்து சேர்வதற்குள் அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

வெளிச்சுவரில் வளையத்தைக் காணோம். கயிறு மடிப்பதுபோல ஒயரை மடித்து, புடவைக் கிழிசலால் இறுக்கிக் கட்டி, ஆணியில் மாட்டியிருந்தது. அருள்மணி உள்ளே வந்து சொன்னான்.

“உள்ள இருக்கறது கண்ணாடி இழைங்க. மடிச்சா ஒடஞ்சிடும், மேல ஒண்ணும் தெரியாது. யாரு கட்டனது?”

வேறு யார் கட்டுவார்கள்? நதியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அம்மாகிட்ட சொல்லாதீங்கண்ணா.”

“அறுத்து ஒட்டிக் குடுத்துட்டுப் போறேன்மா.”

“இனிமே இன்னாத்துக்கு? பெட்டிய எடுத்துட்டுப் போங்க.”

எனக்கு யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது, ஆனால் யாரைத் திட்டுவது?

அருள்மணி பெட்டியைப் பையில் போடும்போது குப்பம்மா விறகோடு வந்தாள். வேலை போனதைச் சொல்லி மறுபடியும் நெட் கம்பெனிக்காரனை வாய் ஓயத் திட்டினாள். பிறகு வாசலில் நின்று, ஆணியில் தொங்கிய ஒயரைத் தடவிக்கொண்டே மகளிடம் சொன்னாள்.

“ஆடு கடிச்சிடப் போவுதுன்னு நாந்தான் பத்திரமா மடிச்சிக் கட்டி வெச்சேன். ஒரு கீறல் இல்ல பாரு. நம்ம வூட்டு மேல ஒரு கொறையும் இல்ல, அவுங்க பெட்டிதான் சொத்தை.”

“ஆமாம்மா” என்றாள் நதியா. “நீ நல்லாத்தான் கட்டியிருக்க.”