ஓரத்தில் நின்ற கஜா

"அண்ணா, அவரு பூட்டாருண்ணா. பேனருக்கு ஒரு போட்டோ அனுப்புண்ணா." போன ஞாயிற்றுக்கிழமை காலை மல்லிகா ஃபோனில் சொன்னது அவ்வளவுதான். இருபது வருடம் என்னோடு கல்யாணப் படம் எடுத்த அவள் கணவன் கஜாவுக்கு மாரடைப்பு. அழுவதா, படம் தேடுவதா? தேடினேன். ஊரையே படம் பிடித்தவனுக்கு ஒரு படம் இல்லை. கேமராவைத் திருப்பினாலே ஓடிவிடுவான். ஆதார் அட்டையில் இருப்பதைப் போட்டால் அவனே எழுந்து வந்து சண்டை போடுவான்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எங்களைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் சண்டையும் தெரியும். அவன் கிராப் சென்சார் கட்சி, நான் ஃபுல் ஃப்ரேம் கட்சி. ஒரே லென்ஸை இரண்டிலும் மாட்டினால், கிராப்பின் சின்ன சென்சாரில் காட்சியின் நடுப்பகுதி மட்டும் விழும். ஃபுல் ஃப்ரேமில் ஓரங்களும் சேர்ந்து வரும். மங்கலான மண்டபத்திலும் என் படத்தில் புள்ளி தெரியாது என்று பீற்றிக்கொள்வேன். "வெளிச்சம் காட்டத்தான் நான் கீறேனே, அத்தாம்பெரிய கேமரா இன்னாத்துக்கு?" என்பான்.

நான் ஃபுல் ஃப்ரேம் வாங்கிய வாரம், காசிமேட்டில் விடியலில் கரை திரும்பிய படகை, ஒரே இடத்தில் நின்று ஒரே லென்ஸை மாற்றி மாட்டி இருவரும் எடுத்தோம். அவன் படம் நிறையப் படகோட்டியின் முகம். என் படத்தில் படகு, தண்ணீர், நாலு காக்கை. "ஒனக்குக் கடலு, எனக்கு ஆளு. போதும் நைனா" என்றான். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நான் எடுக்கும்போது அவன் லைட் பிடிப்பான். என் பழைய கிராப் கேமராவில் படத்தின் ஓரம் எங்கே முடியும் என்பது அவன் கால்களுக்கு மனப்பாடம். புதுக் கேமரா வந்த பிறகும் அதே இடத்தில்தான் போய் நின்றான். எல்லாப் படத்திலும் அவன் முழங்கை, தொப்பை, பாதி வழுக்கை.

"தள்ளி நில்லுடா!"

"எப்பவும் நிக்கிற எடத்துலதான் நிக்கிறேன். ஒன் கேமராதான் எம்மேல வந்து வுயுது!"

வீட்டுக்கு வந்து திட்டிக்கொண்டே ஒவ்வொரு படத்திலிருந்தும் அவனை வெட்டி எடுப்பேன்.

மல்லிகா கேட்ட அன்று, கணினியில் அப்படியே கிடந்த வெட்டாத அசல் படங்களைத்தான் திறந்தேன். முழங்கை, முழங்கை, தொப்பை. கடைசியில் திருவொற்றியூரில் ஒரு காதுகுத்து. அழுத குழந்தையைச் சிரிக்க வைக்க நாக்கைத் துருத்தி, கண்ணை உருட்டிக்கொண்டு ஓரத்தில் கஜா. முழு முகம். பார்த்ததும் உடைந்து அழுதேன்.

இதையா பேனரில் போடுவது? தயங்கித் தயங்கி மல்லிகாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது குரல். "இத்தையே போடுண்ணா. வியாசர்பாடியே அவர இப்டித்தான் பாத்துகீது."

அன்றைக்குத்தான் முதல் முறையாக மற்றவர்களையெல்லாம் வெட்டிவிட்டு அவனை மட்டும் வைத்தேன். பேனர் இன்னும் அவர்கள் குடியிருப்பு பிளாக் வாசலில் தொங்குகிறது.

வெட்டாத படத்தை நான் வைத்திருக்கிறேன். அதில் அந்தக் குழந்தை சிரிக்கிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதும் தெரிகிறது.